ரெண்டு தட்டு

பெரிய சிஸ்டரின் தம்பி வந்தால் அவள் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். கணவர் முந்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டால், தம்பி சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவான். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே பெரிய சிஸ்டர் கரண்டியோடு நடந்துகொண்டிருப்பாள். அவசர சிகிச்சைப் பிரிவில் காலையிலிருந்து நடந்து வீங்கிய கால்கள் அவை. வீட்டுக்கு வந்தாலாவது நீட்டி உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

"அவர்கிட்ட சொல்லுக்கா, நேத்து அவரோட ஸ்டூடண்ட் ஒருத்தன் எங்க கிளாசைப் பாக்க வந்தான். ஒரே ஒரு குத்துதான் விட்டேன். கை படறதுக்கு முன்னாடியே தானா உருண்டு போய் சுவத்துல முட்டிக்கிட்டான்."

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. "உன் தம்பிகிட்ட கேளு, போன மாசம் அவன் கிளாஸ்ல எத்தனை மூக்கு உடைஞ்சுதுன்னு."

"எனக்கே தெரியும். எல்லாத்துக்கும் பஞ்சு வச்சது நான்தானே," என்றாள் பெரிய சிஸ்டர். "யாருக்காவது இன்னும் கொஞ்சம் வேணுமா? வேணாம்னா நான் உக்காரணும்."

தங்கள் சண்டைக் கலையைப் பற்றி அல்லாத எந்தக் கேள்வியும் அந்த இருவர் காதிலும் ஏறாது.

அந்தக் கலைக்கு நிஞ்சுட்சு என்று பெயர். ஜப்பானில் பழைய காலத்து ஒற்றர்களின் கலையாம். சினிமாவில் கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கூரை மேல் ஓடுவார்களே, அதுவா என்று கல்யாணமான புதிதில் அவள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். அதெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டது என்று தொடங்கி, இடைவெளி, சமயம், விழும் விதம், கண்ணில் படாமல் நகரும் விதம் என்று கணவர் போய்க்கொண்டே இருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட அவர் கண்ணில் படவில்லை. அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் இறங்கினால், எந்தக் கம்பி எங்கே உரசுகிறது என்று கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நிற்கக்கூடியவர். தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்ப்பவன். அடுத்தவன் காரைக் கொண்டுபோய் எதிலாவது முட்டுவான் என்ற எதிர்பார்ப்பிலேயே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்து வாழ்கிறவன். இருவரும் ஒரே மாஸ்டரிடம் ஒரே தரையில் உருண்டவர்கள்தான். தம்பியோடு பயிற்சி செய்தவர் என்றுதான் கணவரே இந்த வீட்டுக்குள் வந்தார். மாஸ்டர் ஓய்வெடுத்துக்கொண்டு மகளோடு போய் இருந்துவிட்டார். போகும்போது பள்ளி இன்னாருக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுப் போய்விட்டார், மகராசன்.

பிரிந்தது ஒரு குத்தில். ஒருநாள் வகுப்பில் தம்பி குத்த வேண்டும், மாமா நகர வேண்டும், அதுதான் பாடம். தம்பி சொன்ன இடத்தில்தான் குத்தினான். ஆனால் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. மாமாவின் முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது. "நிஜமா வந்தா நகர முடியலையே மாமா," என்றான் தம்பி. "முறைன்னு ஒண்ணு இருக்குடா மச்சான்," என்றார் மாமா, வாயில் துணியை வைத்துக்கொண்டு. அதோடு சரி. மாமா மச்சான் என்று ஒருவரையொருவர் நேராகக் கூப்பிட்டது அதுவே கடைசி.

இப்போது ஊரில் இரண்டு பள்ளிகள். கணவருடைய பள்ளியில் எல்லாம் மெதுவாக நடக்கும். வெறுங்காலோடு, வெறுந்தரையில். பழைய அசைவு ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். போட்டி கிடையாது, கையுறை கிடையாது, பயிற்சி நாளில் முடியும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் கூடக் கிடையாது. தம்பியின் பள்ளியில் பழைய வரிசைகளைப் பாதிக்கு மேல் கத்தரித்தாகிவிட்டது. தலைக்கவசம், கையுறை, நெஞ்சுக்கு மெத்தை. முதலில் மூச்சிரைக்க ஓடவிடுவான், பிறகு விளக்கை அணைப்பான், பாட்டை அலறவிடுவான், காதருகே நாலு பேரை நின்று கத்தச் சொல்வான், அதற்கு நடுவில் சண்டை போடச் சொல்வான். பதற்றத்தில் பழகினால்தான் பதற்றத்தில் கை வரும் என்பது அவன் கட்சி. நிதானத்தில் பழகாதவனுக்குப் பதற்றத்தில் எதுவுமே வராது என்பது அவர் கட்சி.

எந்தப் பக்கம் நியாயம் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியாது. அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் என்ற முறையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தம்பியின் மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், கணவரின் மாணவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அடிக்கக் கற்றுக்கொண்டவர்களும் விழக் கற்றுக்கொண்டவர்களும் கடைசியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே களிம்பைத் தடவிக்கொண்டு போனார்கள்.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் இரண்டு பள்ளிக்கும் வேறுபாடு இல்லை. பிடியில் மாட்டிக்கொண்டவன் இரண்டு தட்டுத் தட்டினால், பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். யார் தட்டியது, ஏன் தட்டினான் என்று யோசிக்கவே கூடாது. மாஸ்டர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இதை மட்டும் கத்தரிக்கத் தம்பிக்கும் கை வரவில்லை.

இத்தனை நாள் இது வீட்டுத் தலைவலியாகத்தான் இருந்தது. ஊசியக்கா அடிவாங்கிய பிறகு ஆஸ்பத்திரித் தலைவலியும் ஆகிவிட்டது.

ஊசியக்கா அவசரப் பிரிவின் மூத்த நர்ஸ். பெரிய சிஸ்டரோடு ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள், நரம்பு கூப்பிட்ட பிள்ளை மாதிரி எழுந்து வரும். ஊசி ஏறியதே தெரியாது. டாக்டர்களே தங்களுக்கு ஊசி போட வேண்டுமென்றால் அவள் டியூட்டி எப்போது என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

அன்று ஒரு பெரியவருக்கு டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. உடம்பில் நீர் வற்றிப்போய் நரம்பெல்லாம் உள்ளே போயிருந்தது. ஊசியக்கா குனிந்து, வழக்கம் போல இரண்டு தட்டுத் தட்டினாள். பின்னால் நின்ற மகன் நாலு இரவாகத் தூங்காதவன். "எங்கப்பாவையா அடிக்கிற?" என்று ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முழங்கை அவள் தாடையில் விழுந்தது. கட்டிலுக்கும் டிரிப் ஸ்டாண்டுக்கும் நடுவே சரிந்தாள். மகன் பிறகு அழுதான், காலைப் பிடித்தான், எல்லாம் ஆயிற்று. தாடை வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் அடுத்த நாள் இன்னொரு கையின் மேல் குனிந்தபோது அவளுடைய இரண்டு விரலும் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. தட்ட வரவில்லை. கை நடுங்கியது.

அதிலிருந்து அவள் கீழ்த்தளத்தில் மருந்து ஸ்டோரில் இருக்கிறாள். பெரிய சிஸ்டர் தினமும் டீயோடு இறங்கிப் போவாள். அங்கே காயம் கட்டும் காஸ் துணிப் பொட்டலங்களை அளவு வாரியாக அடுக்கி, கலைத்து, திரும்பவும் அடுக்கிக்கொண்டிருப்பாள் ஊசியக்கா.

"எத்தனை தடவைடி அடுக்குவே? மேல வா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இங்க நல்லாத்தான் இருக்கு. முதுகுக்குப் பின்னாடி சுவரு இருக்கு." சிரிக்க முயன்றாள். "இங்கயே மாத்திக் கொடுத்துடச் சொல்லி இயக்குநர்கிட்ட கேட்டிருக்கேன்."

பெரிய சிஸ்டருக்கு வந்தது கோபம்தான். "கேட்டுட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே."

அது உண்மை. விட மாட்டாள். நேராக ஆஸ்பத்திரி இயக்குநர் அறைக்குப் போனாள். அவளைவிட மூத்தவரான அவரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நர்ஸ்களுக்குத் தற்காப்புப் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொருத்தியாக ஸ்டோருக்கு இறங்கிவிடுவார்கள், அப்புறம் நீங்களும் நானும்தான் ஊசி போட வேண்டும் என்று சொன்னாள். அவர் பயந்துபோய் உடனே சரி என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க வீட்டுக்காரரே ஏதோ பள்ளி நடத்தறாராமே? உங்க தம்பி கூட? ரெண்டு பேரையும் வந்து செஞ்சு காட்டச் சொல்லுங்க. எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க," என்றார் மனுஷன், ஏதோ நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

அவள் அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

திரும்ப ஸ்டோருக்குப் போய், "சனிக்கிழமை ரெண்டு பேரும் செஞ்சு காட்டறாங்க, வந்து பாரு. அதைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு," என்று ஊசியக்காவைக் கெஞ்சினாள்.

"வரேன். ஆனா என்னை எதுவும் செய்யச் சொல்லக்கூடாது. மனசு ஒப்பலைன்னா நான் இங்கயே இருந்துடுவேன். அப்புறம் நீ டீயைத் தூக்கிக்கிட்டு வந்து அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

"நேத்து."

சனிக்கிழமை காலை, பிசியோதெரபி கூடத்தில் பாய் மெத்தைகளை விரித்திருந்தார்கள். சுவரோரம் நாற்காலிகளில் நர்ஸ்கள். ஊசியக்கா கடைசி நாற்காலியில், முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்துகொண்டாள். பெரிய சிஸ்டர் உட்காரவில்லை. இந்த இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கும்போது உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கணவர் கறுப்பு உடையில், மாணவர் ஒருவரோடு வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று காதோரம் கேட்டாள்.

"பயிற்சி நாள்ல முடியறவரைக்கும் குடிக்கிறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"நேத்து ராத்திரி வேற சாப்பிடலை. லிஃப்ட் வேலைன்னு போயிட்டீங்க. எந்தக் காலத்துக் கலைங்க இது, தண்ணி குடிச்சா ஓடிப்போயிடுமா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு," என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் அவர் செய்துகாட்டினார். மாணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கணவர் ஒரு அடி விலகித் தோளை லேசாகத் திருப்பினார். மாணவர் பறந்து, உருண்டு, சத்தமே இல்லாமல் எழுந்து நின்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நர்ஸ்கள் கைதட்டினார்கள். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், விழுந்தால் தலை அடிபடாமல் எப்படி விழுவது, பிடியில் மாட்டினால் எப்படி இரண்டு தட்டுத் தட்டி விடுபடுவது என்று நிதானமாக விளக்கினார்.

"அந்த ஆளு எழுந்து திரும்ப வந்தா?" என்று தம்பி சுவரிடம் கேட்டான்.

அடுத்தது தம்பி. விசில் ஊதினான். அவன் மாணவிகள் இருவர் தலைக்கவசத்தோடு ஒருவரையொருவர் மொத்திக்கொண்டார்கள். தம்பி பக்கத்தில் நின்று உயிர் போகிற மாதிரி கத்தினான். அவர்கள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. "பாத்தீங்களா? இவங்க காதுக்குப் பக்கத்துல வெடி வெடிச்சாக்கூடத் திரும்ப மாட்டாங்க. அப்படிப் பழக்கியிருக்கேன்." இதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாணவிக்கு மூக்கில் ரத்தம். பெரிய சிஸ்டர் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். பஞ்சில்லாமல் அவள் வெளியே கிளம்புவதே இல்லை.

பிறகு இருவரும் நர்ஸ்களுக்கு விளக்க ஆரம்பித்தார்கள். நர்ஸ்களுக்கு என்று பெயர். உண்மையில் ஒருவருக்கொருவர்தான். மெத்தை போட்டு விழப் பழகினால் தெருவில் மெத்தை யார் போடுவார்கள் என்று கணவர் கேட்டார். ஒத்துழைக்கிற ஆளோடு மட்டும் பழகினால் அடிக்க வருகிறவனிடமும் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் என்று தம்பி சொன்னான். தலைக்கவசம் போட்டால் பயம் போகும், கூடவே புத்தியும் போகும் என்றார் அவர். பழைய வரிசையைப் பழகுவது வரைபடத்தில் கார் ஓட்டுவது மாதிரி என்றான் இவன். கழுத்தறுப்பு. நர்ஸ்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

பெரிய சிஸ்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஒரே ஒரு கேள்வி. ரெண்டு பேருக்கும். நாங்க குனிஞ்சு நிக்கிறோம். ஒரு கையில ஊசி, இன்னொரு கையில பேஷண்டோட கை. அடிக்கிறவன் பின்னாடி நிக்கிறான். இப்ப சொல்லுங்க."

"வாசலுக்கு முதுகு காட்டியே நிக்கக்கூடாது," என்றார் கணவர்.

"கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்றீங்களா?"

"அதுக்குத்தான் அடி வாங்கிப் பழகணும்கிறேன்," என்று தம்பி உற்சாகமானான். "அடி விழும்கா. விழத்தான் செய்யும். விழுந்தா அதுல திகைச்சு நிக்கக் கூடாது. பயந்துபோய் எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கக் கூடாது. ஒரு அடி வாங்கினதும் உடைஞ்சுபோறவங்க..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. கடைசி நாற்காலியில் ஊசியக்கா எழுந்து நின்றிருந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. வாசலை நோக்கி நடந்தாள்.

"வாங்கினவ இங்கதான்டா உக்காந்திருந்தா," என்றாள் பெரிய சிஸ்டர். குரல் உடைந்துவிட்டது. "என்னைக்காவது ஒரு நாள் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யார் இருக்காங்கன்னு பாத்திருக்கியா நீ?"

"அவன் நாக்குல நரம்பு இருந்தாத்தானே," என்றார் கணவர்.

"நீங்க பேசாதீங்க மாமா."

மாமா என்ற சொல் அவன் வாயிலிருந்து நேராக வந்து எத்தனை காலமாயிற்று. அன்பாக வரவில்லை, அது வேறு விஷயம்.

"பேசாம வேற என்னடா செய்யறது? நீ அன்னைக்கும் இப்படித்தான், நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தமாட்டே."

"சரி வாங்க. செஞ்சு காட்டுவோம். இவங்களே பாக்கட்டும்."

"வாடா மச்சான்."

இரண்டு பேரும் மெத்தையில் இறங்கினார்கள். ஏழு கழுதை வயசு. பெரிய சிஸ்டர் "ஏங்க, வேணாங்க" என்றாள், "டேய், போதும்டா" என்றாள், ஒன்றும் எடுபடவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் இருவரும் தரையில். தம்பி பின்னாலிருந்து மாமாவின் கழுத்தை ஒரு கையால் வளைத்துவிட்டான். அதற்குள் மாமா மச்சானின் கணுக்காலைத் தன் அக்குளுக்குள் இடுக்கித் திருகிவிட்டார். இனி யாராவது ஒருவர் தட்ட வேண்டும். இரண்டு தட்டு. அவ்வளவுதான் வேலை.

யாரும் தட்டவில்லை.

தம்பியின் முகம் வலியில் கோணியது. கணவரின் முகம் சிவந்தது, பிறகு கருத்தது. தம்பி தட்டமாட்டான், பல் உடைத்தவன் தோற்றதாகிவிடும். கணவர் தட்டமாட்டார், பல் உடைந்தவர் மறுபடியும் தோற்றதாகிவிடும். "விடுடா! விடுங்க!" என்று அவள் கத்தினாள். நர்ஸ்கள் எல்லாரும் கத்தினார்கள். கத்தி என்ன பயன்? ஒருவன் எத்தனை கத்தினாலும் காதில் விழாதபடிப் பழகியவன். இன்னொருவர் லிஃப்ட் குழிக்குள் நிற்பது மாதிரி எதற்கும் அசையாதபடிப் பழகியவர். இரண்டு பள்ளியின் பயிற்சியும் நன்றாகத்தான் வேலை செய்தது.

பெரிய சிஸ்டர் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாறையை இழுப்பது போலிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தள்ளு," என்று ஒரு குரல் கேட்டது.

ஊசியக்கா. வாசல்வரை போனவள் திரும்பி வந்திருந்தாள். அவள் பார்த்தது சண்டையை அல்ல, கணவரின் உதட்டு நிறத்தை. மெத்தையில் முட்டி போட்டாள். கழுத்தை வளைத்திருந்த தம்பியின் கையை உற்றுப் பார்த்தாள். முறுக்கின கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. இரண்டு விரலை நீட்டினாள். விரல்கள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன.

ரெண்டு தட்டு.

சூடு பட்டது போல் தம்பியின் கை விலகியது. யார் தட்டியது என்று அவன் பார்க்கவே இல்லை. கை விட்ட பிறகுதான் தலையைத் திருப்பினான். ஊசியக்கா அதே விரலால் மாமாவின் தோளில் தட்டினாள். மச்சானின் கணுக்காலும் விடுபட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள்.

ஊசியக்கா தன் இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விட்டுட்டாங்க," என்றாள், யாரிடமோ சொல்வது போல. அன்று அவள் தட்டியதற்கு ஒருவன் அடித்தான். இன்று அவள் தட்டியதும் இரண்டு முரடர்கள் கேள்வி கேட்காமல் கையை எடுத்தார்கள். இதை நம்பலாமா என்று அவள் முகம் யோசித்துக்கொண்டிருந்தது.

கணவர் எழப் பார்த்தார். எழுந்தார், கண் செருகியது, அப்படியே சரிந்தார். அழகாக உருளவெல்லாம் இல்லை, மூட்டை மாதிரி விழுந்தார்.

"தண்ணி குடிக்கலை, நேத்திலேர்ந்து சாப்பிடலை," என்று பல்லைக் கடித்தாள் பெரிய சிஸ்டர். "டிரிப் கொண்டாங்க."

ஸ்டாண்ட் வந்தது, ஊசி வந்தது, டியூட்டி டாக்டரும் வந்து பார்த்துத் தலையசைத்தார். இளைய நர்ஸ் ஒருத்தி முயன்றாள், நரம்பு கிடைக்கவில்லை. மறு கையில் முயன்றாள், அங்கும் இல்லை. பெரிய சிஸ்டர் தானே வாங்கிப் பார்த்தாள். அவள் கண்ணை நீர் மறைத்தது. சனியன் பிடித்த மனுஷன், நரம்பைக் கூடக் கண்ணில் படாமல் நகரப் பழக்கி வைத்திருக்கிறார்.

எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. எதுவும் செய்யச் சொல்லக்கூடாது என்பது பேச்சு. பெரிய சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் பேசாமல் இருந்த நேரங்களில் அதுதான் மிகக் கஷ்டமானது.

ஊசியக்கா கைப்பையைக் கழற்றி வைத்தாள். கையைச் சுத்தம் செய்துகொண்டு கையுறை மாட்டினாள். கணவரின் கையை மடியில் எடுத்து வைத்துக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து, தம்பி நொண்டிக்கொண்டே எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அன்று அந்த மகன் நின்ற அதே இடம். மாமாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோய் நின்றான், வேறொன்றும் தெரியவில்லை அவனுக்கு. பெரிய சிஸ்டர் அவனைப் பிடித்துத் தள்ள ஓர் அடி எடுத்து வைத்தாள்.

ஊசியக்கா திரும்பாமலேயே சொன்னாள். "தம்பி, நான் இப்ப உங்க மாமாவைத் தட்டப் போறேன்."

தம்பிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மாஸ்டர் முன்னால் உட்காருகிற மாதிரி இரண்டு கையையும் முட்டியில் வைத்து உட்கார்ந்தான். திருகின கால் வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

"தட்டுங்கக்கா. நான் அப்பப் பேசினது..."

"அப்புறம் பேசலாம்."

தட்டினாள். ஒன்று. இன்னொன்று. நரம்பு எழுந்து வந்தது. ஊசி ஏறியது கணவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. சற்று நேரத்தில் கண் திறந்தவர் மேலே தொங்கும் பாட்டிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் தட்டலை. கவனிச்சியா?" என்றார்.

"நானும்தான் தட்டலை," என்றான் தம்பி.

பெரிய சிஸ்டருக்கு இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டவிட வேண்டும் போலிருந்தது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இன்னைக்கு வீட்டுக் கூடத்துல ரெண்டு தட்டு போடுவேன், பக்கத்துல பக்கத்துல. எவனாவது தட்டைத் தூக்கிக்கிட்டு நகர்ந்தா தெரியும் சேதி."

ஊசியக்கா பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். "கை ஆடுது," என்றாள்.

அவ்வளவுதானா? பெரிய சிஸ்டர் அவள் விரல்களைப் பார்த்தாள்.

"என் கை இல்லைடி. உன் வீட்டுக்காரர் கை. வந்து பிடிச்சுக்கோ, எவ்வளவு நேரம்தான் நிப்பே?"

பெரிய சிஸ்டர் மெத்தையில் உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.